மணலுக்குள் ஒரு வளையல்

2024 ஆடி அமாவாசைக்கு மூன்று நாள் இருக்கும்போது, இரவு ஒன்பதரை மணிக்கு மதினி போன் செய்தாள். அத்தை மகள். என்னைவிட ஒன்றரை வயது மூத்தவள். இன்னும் ஊரில்தான் இருக்கிறாள். எப்போது கூப்பிட்டாலும் “சாப்பிட்டாயா?” என்றுதான் தொடங்குவாள். அன்று அதைக் கேட்கவில்லை.

“கச்சான் காற்றில் கடல் கரையை அரித்துவிட்டது. ஒற்றைப் பனைக்குக் கீழே ஒரு கை வெளியே தெரிகிறதாம். போலீஸ் வந்து கயிறு கட்டியிருக்கிறார்கள். வளையலும் கிடைத்துவிட்டது.”

நான் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். “நீ யாரிடமாவது சொன்னாயா?”

“எப்படிச் சொல்வேன்? சத்தியம் செய்திருக்கிறோமே. நீ வா. நாம் இரண்டு பேரும் சேர்ந்துதானே புதைத்தோம்.”

நான்கு வருடமாக நான் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருப்பது இங்கே வந்து போகிறவர்களுக்குத் தெரியும். இரண்டு காலங்களில் நடக்கும் த்ரில்லர். ஓர் அத்தியாயம் 1986, அடுத்தது இன்று. கடற்கரைக் கிராமத்துப் பிள்ளைகள் சிலர் ஊரைப் பயமுறுத்தும் ஒன்றை வேட்டையாடக் கிளம்புகிறார்கள். ஏதோ நடந்துவிடுகிறது. யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்துகொள்கிறார்கள். பல வருடம் கழித்து அவர்களில் ஒருத்திக்கு ஊரிலிருந்து போன் வருகிறது. என் கதையில் அந்தப் பெண் கையிலிருக்கும் டம்ளரைத் தவறவிடுவாள். எனக்கு நிஜமாகவே அந்த போன் வந்தபோது நான் முதலில் செய்தது அடுப்பை அணைத்தது. அந்த ஒரு நொடியிலேயே என் முதல் பக்கம் பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

26 அத்தியாயங்கள் முடித்திருந்தேன். 27இல் நின்றுபோய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது. நாவலில் பிள்ளைகள் துரத்துவது ஒரு கெட்ட மனிதனை. எங்கள் கரையில் அப்படி ஒருவன் இருந்ததே இல்லை. நடந்ததை எழுதத் துணிவில்லாமல் நான்தான் அவனை உண்டாக்கினேன். எத்தனை முறை திருத்தி எழுதினாலும் அவன் உயிர் பெறவே இல்லை.

இந்த வகைக் கதைகளை விரும்பிப் படிக்கிறவள் நான். ஆனாலும் இவற்றில் ஒரு விஷயம் எனக்கு எப்போதுமே உறுத்தும். இன்றைய காலத்து அத்தியாயங்களைச் சொல்பவளுக்கு எல்லாம் தெரியும். அவள் தனக்குள் பேசிக்கொள்வதை நாம் 300 பக்கம் கேட்கிறோம். அந்த ஒன்றை மட்டும் அவள் நினைப்பதே இல்லை. தன் மனதுக்குள்கூட அதை நினைக்காமல் ஒருத்தியால் இருக்க முடியுமா? நான் 38 வருடமும் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். மழை பெய்தால் நினைப்பேன். மாடு தண்ணீர் குடிப்பதைப் பார்த்தால் நினைப்பேன். ஆகவே இங்கே எதையும் மறைத்துவைக்கப் போவதில்லை. அந்த மணலில் இருந்தது மனித எலும்பு இல்லை. அது எங்கே இருக்கிறது என்று கை நீட்டிக் காட்டியவள் நான்.

எங்கள் ஊர் வேதாளைக்கும் புதுமடத்துக்கும் நடுவில் தென்கடலைப் பார்த்து இருக்கிறது. மன்னார் வளைகுடாவை நாங்கள் தென்கடல் என்போம். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாக் விரிகுடா வடகடல். வாடை வீசும் மாதங்களில் வடகடல் கலங்கும், தென்கடல் கண்மாய் போலக் கிடக்கும். கச்சான் தொடங்கினால் அப்படியே மாறிவிடும். கரையில் நின்றால் முயல் தீவும் மனோலித் தீவும் பச்சைக் கோடாகத் தெரியும். கரைக்கும் தீவுக்கும் நடுவில் ஆழம் குறைவு, அடியில் புல் படுகை. அப்பத்தாவும் அத்தையும் அந்தத் தீவுப் பக்கம் போய்ப் பாசி எடுப்பார்கள். பவளக் கல் கிழித்த தழும்புகள் அப்பத்தாவின் முழங்காலில் கடைசிவரை இருந்தன. அப்பா ஒரு வத்தை, சின்ன நாட்டுப் படகு, வைத்திருந்தார். திருக்கை வலை கட்டுவார்.

வேதாளம் குடியிருந்த ஊர் என்பதால்தான் வேதாளை என்று பெயர் வந்தது என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குள் பேசிக்கொள்வோம். அந்த வேதாளம் கடலில் இறங்கி எங்கள் பக்கம் வந்துவிட்டதாகத்தான் 1986இல் நானும் மதினியும் நம்பினோம். எனக்கு வயது பத்து.

அது வால் நட்சத்திரம் வந்த வருடம். சுமார் 76 வருடத்துக்கு ஒருமுறை வரும் ஹாலி, அந்த ஏப்ரலில் தென்வானத்தில் தெரிந்தது. பங்குனி அமாவாசை இருட்டில் ஊரே கரையில் உட்கார்ந்து பார்த்தது. நாங்கள் எதிர்பார்த்த துடைப்பம் போன்ற வாலெல்லாம் இல்லை. கண்ணாடியில் மூச்சு விட்டால் படியுமே, அப்படி ஒரு மங்கல். “வால் வெள்ளி வந்தால் ராஜாவுக்கும் ஆகாது, குடிக்கும் ஆகாது” என்று அப்பத்தா என் தலையை முந்தானையால் மூடினாள். எல்லோரும் கலைந்து போனபின் நானும் மதினியும் மட்டும் பனைக்கடியில் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் கேட்டது.

ஒரு மூச்சு. கழுநீர்த் தொட்டியில் முகம் வைத்த மாடு மூக்கால் ஊதுவது போல. கடலில் இருந்து. பிறகு ஒன்றுமில்லை. நான் எண்ணத் தொடங்கினேன். 170 எண்ணியபோது மறுபடியும் கேட்டது. அதை ஒட்டி இன்னொரு சின்ன மூச்சும் கேட்டது. அது எதிரொலி என்று நினைத்தேன்.

அந்த வருடம் அண்ணனுக்கு இளைப்பு. இரவில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். அவன் நெஞ்சுக்குழி உள்ளே போய் வெளியே வருவதை நான் பாயில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்குள் ஒருவனுக்கு மூச்சு கிடைக்கவில்லை, வெளியே கடலில் ஏதோ ஒன்று அத்தனை பெரிய மூச்சாக விடுகிறது. பத்து வயதுக்கு அந்தக் கணக்கு மிக எளிதாகப் புரிந்தது. அண்ணனின் மூச்சைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. அதைக் கொன்றால் இவனுக்குத் திரும்பக் கிடைக்கும்.

மதினிக்கு விக்கிரமாதித்தன் கதை முழுவதும் தெரியும். அந்த ராஜா வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு போகும்போது வாய் திறந்தால் அது திரும்பப் போய் மரத்தில் தொங்கிவிடும். ஆகவே நாங்களும் பேசக் கூடாது என்பது அவள் விதித்த முதல் சட்டம். மீன் குத்தும் ஈட்டியான அப்பாவின் மண்டாவைப் பரணிலிருந்து எடுத்துக்கொண்டோம். கடல் வற்றியிருந்த நேரமாகப் பார்த்து இடுப்பளவு நீரில் நடந்தோம். அவளிடம் டார்ச், என்னிடம் மண்டா. தெளிந்த நீர். டார்ச் வெளிச்சம் அடிவரை போனது. புல் படுகையின் நடுவே, யாரோ மண்வெட்டியால் சீவிக்கொண்டே போனது போல வெறும் மணல் கோடுகள். ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலம் இருக்கும், வளைந்து வளைந்து போனது. வேதாளம் கால் இழுத்து நடந்த தடம் என்று மதினி சைகையில் காட்டினாள். எனக்குப் பல் கிட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து, பத்துப் பதினைந்து அடி தள்ளி, மூச்சு. டார்ச்சைத் தண்ணீரில் போட்டுவிட்டு ஓடி வந்தோம்.

என்றாலும் நான் மீனவன் மகள். ஓடுவதற்கு முன்பு அடையாளம் பார்த்துக்கொண்டேன். கரையில் ஒற்றைப் பனையும் அதன் பின்னால் கோயில் விளக்கும் ஒரே நேராக. அந்தப் பக்கம் முயல் தீவின் நுனி மூழ்கிக் கிடந்த பாறைக்கு மேலே. கடலில் ஓர் இடத்தை எப்படி நினைவில் வைப்பது என்று அப்பாதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

மறுநாள் சாயங்காலம் அவர் வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. கையிலிருந்த ஊசி மட்டும் நின்றது.

“எத்தனை எண்ணிக்கைக்கு ஒருமுறை?”

“170.”

“ஒன்றா, இரண்டா?”

“ஒன்றுதான் அப்பா.”

அவர் இடத்தைக் கேட்டார். பனையும் விளக்கும், தீவு நுனியும் பாறையும் என்றேன். என் தலையில் கை வைத்தார். எனக்கு அது விருது மாதிரி இருந்தது.

அன்று இரவு அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் வத்தையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். விடிவதற்குள் வந்துவிட்டார்கள். “வேதாளம் போய்விட்டது. இனி வராது” என்றார் அப்பா. அன்று வீட்டில் கறி. ஆட்டுக்கறி என்று அம்மா சொன்னாள். ஆடு அறுத்த சத்தம் எந்த வீட்டிலும் கேட்கவில்லை என்பதும், ஓலைப்பெட்டிகள் இருட்டோடு இருட்டாக எங்கோ போனதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. இரண்டு நாளில் அண்ணனை மதுரைக்கு அழைத்துப் போனார்கள். மருந்து வந்தது. சித்திரை பிறந்து பத்து நாளில் அவன் படுத்துத் தூங்கினான். நாங்கள் வேதாளத்தைக் கொன்றதால்தான் என்று நான் நம்பினேன். ஒரு வகையில் அது உண்மையும்தான். மதுரைக்குப் போன பணம் அந்தப் பெட்டிகளில் இருந்துதான் வந்தது. அண்ணனுக்கு இன்று 51 வயது, இரண்டு பெண் பிள்ளைகள். இதை எழுதும்போது அப்பாவின்மீது கோபத்தைத் தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை.

அடுத்த இரவு மறுபடியும் மூச்சு கேட்டது. பெரியது இல்லை. நான் எதிரொலி என்று நினைத்திருந்த அந்தச் சின்னது மட்டும். 170 வரை அது காத்திருக்கவில்லை. 60, 70க்கே வந்தது. கரைக்குப் பக்கத்தில் ஒரு முறை, தீவுப் பக்கம் ஒரு முறை. இங்கும் அங்கும் அலைந்துகொண்டிருந்தது. மூன்று இரவு அப்படிக் கேட்டது. நான் பாயில் படுத்து எண்ணிக்கொண்டே இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதையும் கொல்வார்கள் என்ற பயம் ஒரு பக்கம். சொல்லாவிட்டால் அண்ணனுக்கு மறுபடியும் இளைப்பு வருமோ என்ற பயம் இன்னொரு பக்கம். நான்காம் இரவு ஒன்றும் கேட்கவில்லை.

காலையில் பனைக்குக் கீழே, அலை ஒதுங்கும் இடத்தில் கிடந்தது. என் உயரம் இருக்கும். ஊறிய தோல் போலச் சாம்பல் நிறம். மேலுதடு தடித்து, அதில் துடைப்பக் குச்சி போல் அங்கங்கே முடி. மூக்குத் துளை இரண்டும் மூடி போட்டது போல அடைத்திருந்தன. கண் மிகச் சிறியது, பாதி திறந்திருந்தது. வால் மீன் வால் மாதிரி நிமிர்ந்து இல்லாமல் படுக்கையாக இருந்தது. பக்கவாட்டில் கை. துடுப்பு என்று இன்று சொல்கிறேன். அன்று அது கைதான். மதினி அதைத் தொட்டுத் தூக்கினாள். முழங்கை மடிந்தது.

“வேதாளத்தின் பிள்ளை” என்றாள். பிறகு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கு முந்தின வருடம்தான் அவளுடைய தங்கை காய்ச்சலில் இறந்திருந்தாள். அத்தை அந்தக் குழந்தையை வளையலோடுதான் புதைக்கச் சொன்னாள். அது மதினியின் மனதில் இருந்திருக்க வேண்டும். சிரட்டையால் நாங்கள் இருவரும் மணலைத் தோண்டினோம். வெயில் ஏறும்வரை தோண்டினோம். கால் கொடுத்து உருட்டி உள்ளே தள்ளினோம். தன் கையிலிருந்த சிவப்பு பிளாஸ்டிக் வளையல் இரண்டையும் அவள் கழற்றினாள். அந்தக் கையில் அவை ஏறவில்லை. பக்கத்தில் வைத்தாள். பனையைத் தொட்டுச் சத்தியம் செய்தோம்.

அதன் பெயர் ஆவுளியா என்பது கல்லூரியில் ஒரு புத்தகத்தில் படத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. கடல் பசு என்றும் சொல்வார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பிராணி. புல் மட்டுமே மேயும். நாங்கள் பார்த்த மணல் கோடுகள் அது வேரோடு பிடுங்கி மேய்ந்த தடம். சில நிமிடத்துக்கு ஒருமுறை மூக்கை மட்டும் வெளியே நீட்டி மூச்சு விட்டுப் போகும். சினைக்காலம் ஒரு வருடத்துக்கும் மேல். ஒரே குட்டி. அடுத்த குட்டிக்குப் பல வருடம் ஆகும். ஒன்றரை வருடம் வரைகூடக் குட்டி தாயை ஒட்டியே நீந்திப் பால் குடிக்கும். 70 வருடம் வாழக்கூடிய உயிர். அந்தக் குட்டி இருந்திருந்தால் இன்று என்னைவிடப் பத்து வயது இளையதாக அந்தப் படுகையில் மேய்ந்துகொண்டிருக்கும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பிராணி அது. நாங்கள் அதைப் புதைத்த அதே 1986இல்தான் மன்னார் வளைகுடாவில் இருக்கும் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள்.

மதுரையிலிருந்து பஸ்ஸில் போனேன். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயிலை நிறுத்திவிட்டார்கள், புதுப் பாலம் அப்போது இன்னும் திறந்திருக்கவில்லை. அமாவாசைக்கு ராமேஸ்வரம் போகிற கூட்டம் முழுவதும் பஸ்ஸில்தான். பரமக்குடியில் ஏறிய ஒரு பெரியவர் எள்ளும் தர்ப்பையும் வைத்த பையை மடியில் அணைத்துக்கொண்டு தூங்கினார். உச்சிப்புளி தாண்டியதும் எனக்குக் கை நடுங்கத் தொடங்கியது.

கரையில் கயிறு. உள்ளே தார்ப்பாய். எலும்பு முழுவதும் இன்னும் வெளியே வரவில்லை. ஒரு கை, விரல் வரிசை, சில விலா எலும்புகள், சிவப்பு வளையல் இரண்டு. தலைப் பக்கம் மணலுக்குள்ளேயே இருந்தது. சின்னப் பெண் பிள்ளை என்று ஊர் முடிவு செய்துவிட்டது. யாருடைய பிள்ளை என்பதற்கும் ஆளுக்கொரு கதை. 1983க்குப் பிறகு கடல் தாண்டி வந்து இந்தக் கரைகளில் இறங்கிய அகதிகளின் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்பது அதில் வலுவாக நின்ற கதை.

கயிறுக்கு வெளியே ஓர் அம்மா குடை பிடித்து நின்றிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மண்டபம் முகாமிலிருந்து காலை ஆறு மணிக்கே வந்துவிட்டாராம். 1985இல் அவர் வந்த படகு இரவில் தீவுப் பக்கம் கவிழ்ந்தபோது, ஏழு வயது மகள் கையை விட்டுப் போய்விட்டாள் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். அவர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. தார்ப்பாயையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். அவர் உட்காரவில்லை. வளையல் என்ன நிறம் என்று மட்டும் ஒரு முறை கேட்டார். சிவப்பு என்றார்கள். “பிள்ளைக்குச் சிவப்பும் இருந்தது” என்றார்.

நாவலில் ஒரு ரகசியத்தை எத்தனை அத்தியாயம் வேண்டுமானாலும் பூட்டி வைக்கலாம். நான் 26 வைத்தேன். எங்கே திறந்தால் வாசகர் திடுக்கிடுவார் என்பதை மட்டும்தான் கணக்கிட்டேன். கயிறுக்கு வெளியே ஒருவர் வெயிலில் நிற்பார் என்பது என் கணக்கில் இல்லவே இல்லை. விக்கிரமாதித்தன் கதையில் வேதாளத்துக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. விடை தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் தலை வெடித்துச் சிதறிவிடும். சிறுவயதில் மதினி அதை எனக்குச் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தலையை அசைத்தாள். இருவரும் கயிற்றைத் தாண்டிப் போய் அங்கிருந்த போலீஸ் அதிகாரியிடம் சொன்னோம். நான் 1986 என்று தொடங்கி ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் இரண்டு முறை நிறுத்தி, “ஆவுளியாவா?” என்று கேட்டார். வளையல் யாருடையது என்றபோது மதினி தன் கையை நீட்டினாள்.

வனத்துறையில் இருந்து மத்தியானம் ஓர் இளம் பெண் வந்தார். குனிந்து பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது அவருக்கு. மணலைத் தூரிகையால் ஒதுக்கி ஒரு விலா எலும்பை எடுத்தார். “பிடித்துப் பாருங்கள்” என்று என் கையில் வைத்தார். சின்னதுதான், ஆனால் கல் போலக் கனத்தது. உடைந்த முனையைக் காட்டினார். ஆட்டு எலும்பில் தெரியும் துளை அதில் இல்லை. உள்ளே முழுவதும் எலும்பு. அந்தக் கனம் இருந்தால்தான் மிதக்காமல் அடியில் நின்று மேய முடியுமாம். கைக்குள் ஐந்து விரல் எலும்புகள் இருப்பதையும் காட்டினார். சாயங்காலம் தலையும் வெளியே வந்தது. மூக்குப் பக்கம் கீழ்நோக்கி வளைந்த தலை. அதைப் பார்த்தபின் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

நான் அந்த அம்மாவிடம் போனேன். என்ன சொல்லியிருப்பேன் என்று நினைவில்லை. “அப்படியானால் அவள் இங்கே இல்லை” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நீங்கள் அதற்கு வளையல் வைத்தீர்களா?” என்று கேட்டார். மதினி ஆமாம் என்றாள். அவர் மதினியின் கன்னத்தைத் தொட்டுவிட்டுக் குடையை மடக்கினார். மதினியின் மகன் அவரை பைக்கில் முகாம்வரை கொண்டுபோய் விட்டான். அந்தப் பையன்தான் சென்ற வருடம் தன் வலையில் சிக்கிய ஓர் ஆவுளியாவை, வலையை அறுத்து வெளியே விட்டவன். அப்படி விடுகிற மீனவர்களுக்கு இப்போது வனத்துறை வெகுமதி கொடுக்கிறது. ஆனால் அவன் விட்டது பணத்துக்காக இல்லை, அம்மா சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொடுத்தது என்றான். மதினி எனக்குத் தெரியாமல் இத்தனை வருடமும் அதைச் செய்துகொண்டிருந்திருக்கிறாள். நான் மதுரையில் உட்கார்ந்து கெட்டவன் ஒருவனை எழுதிக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா போய் 13 வருடம் ஆகிறது. அம்மா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். குட்டியைப் புதைத்தது வரை சொல்லி முடித்தபோதும் அவள் கை நிற்கவில்லை.

“அப்பாவுக்குத் தெரியுமா, குட்டி இருந்தது?”

“வலையை இழுக்கும்போதுதான் தெரிந்தது. சின்னது ஒன்று வத்தையை ஒட்டியே வந்துகொண்டிருந்ததாம். துடுப்பால் தள்ளித் தள்ளி விட்டாராம். விட்டால் திரும்பத் திரும்ப வந்து வத்தையில் முட்டியதாம். அதற்குப் பிறகு அவர் திருக்கை வலையைத் தொடவே இல்லையே, நீ பார்த்ததில்லையா?”

பார்த்திருக்கிறேன். அந்த வருடத்திலிருந்து அப்பா நண்டு வலைக்கு மாறினார். வலை பழசாகிவிட்டது என்று சொன்னார். நானும் அதை நம்பினேன்.

“குட்டியோடு இருப்பதைத் தொடவே கூடாது என்பது உன் தாத்தா காலத்துச் சொல்” என்றாள் அம்மா. “ஒற்றை என்று நினைத்துத்தான் போனார். சாகும்வரை அதைத்தான் சொன்னார். ஒற்றை என்று நினைத்தேன், ஒற்றை என்று நினைத்தேன் என்று.”

கீரையை முறத்தில் போட்டுக்கொண்டு அடுப்படிக்கு எழுந்து போனாள். ஒன்றா இரண்டா என்று அப்பா யாரிடம் கேட்டார் என்பது அவளுக்குத் தெரியாது. அப்பா அதைச் சொல்லாமலே போயிருக்கிறார். அன்றும் நான் அம்மாவிடம் சொல்லவில்லை. இங்கேதான் முதலில் எழுதுகிறேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஊருக்குப் போகிறேன்.